பெட்டி மேல இருக்கிற நம்பரை யார் சோதிச்சது? ஓவர்க்ளாக்கிங்கின் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன சில எபிசோடுகளுக்கு வந்த மெசேஜ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு: "கிராஃபிக்ஸ் கார்டை ஓவர்க்ளாக் பண்ணலாமா? பண்ணா கார்டு போயிடுமா?" பண்ணலாம், வேணாம்னு ஒரே வரியில பதில் சொல்லிட்டு நகர்ந்திடலாம். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி கால் நூற்றாண்டுக்கு மேல நடக்கிற ஒரு இழுபறி இருக்கு. ஒரு சிப் எவ்வளவு வேகம் தாங்கும்னு தீர்ப்பு சொல்றது யாரு? அதைச் செஞ்ச கம்பெனியா, ரிவ்யூ எழுதுறவரா, காசு கொடுத்து வாங்கின நாமளா? இன்னைக்கு அந்தக் கதைதான்.

எனக்கு இதுல ஒரு தனி அக்கறையும் உண்டு. நான் காஞ்சிபுரத்துக்காரன். ஓவர்க்ளாக்கிங் பத்தி நாம பார்க்கிற கைடு, வீடியோ எல்லாம் பெரும்பாலும் 22, 24 டிகிரி ரூம்ல உட்கார்ந்து செஞ்சது. எங்க ஊர்ல கத்திரி வெயில்ல வெளியே 40 டிகிரி. ஏசி இல்லாத மாடி ரூம் ராத்திரி வரைக்கும் தகிக்கும். அவங்க ஊர்ல 'ஸ்டேபிள்'னு பேர் வாங்கின செட்டிங் இங்கேயும் ஸ்டேபிளா இருக்குமா? வரலாற்றைப் பார்த்தா இதுக்கும் பதில் இருக்கு.

நம்பர் எங்கிருந்து வருது?

முதல்ல அடிப்படை. ஒரு சிலிக்கான் வேஃபர்ல ஒரே டிசைன்ல நிறைய சிப் ஒண்ணா தயாராகுது. ஆனா எல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி வராது. ஒண்ணு குறைஞ்ச வோல்டேஜ்லயே வேகமா ஓடும். பக்கத்துலயே பிறந்த இன்னொண்ணு அதே வேகத்துக்கு அதிக வோல்டேஜ் கேட்கும். மூணாவதுல ஒரு மூலையே வேலை செய்யாது. பட்டுக்குச் சாயம் போடுறவங்களுக்கு இது நல்லாப் புரியும். அதே சாயம், அதே அளவுன்னாலும் ரெண்டு தடவை போட்டா நிறம் கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

அதனால ஃபேக்டரியில ஒவ்வொரு சிப்பையும் சோதிச்சு ரகம் பிரிப்பாங்க. இதுக்குப் பேர் பின்னிங். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு நம்பர் கொடுப்பாங்க. அந்த நம்பர் சிப்போட உச்ச வரம்பு கிடையாது. சூடான ரூம், சுமாரான பவர் சப்ளை, சில வருஷம் ஓடித் தேஞ்ச சிப், இது எல்லாம் ஒண்ணா சேர்ந்தாலும் தப்பில்லாம ஓடணும்னு கொஞ்சம் கீழே இறக்கி வெச்ச நம்பர். நடுவுல இருக்கிற இடைவெளிதான் மார்ஜின். அதோட, விலை குறைஞ்ச மாடல் நிறைய வித்தா, நல்ல சிப்பையே சின்ன நம்பர் போட்டு அனுப்புறதும் உண்டு.

ஓவர்க்ளாக்கிங்னா இந்த மார்ஜினை வாங்கினவரே எடுத்துக்கிறது. அப்படி எடுத்துக்கிட்டா, அதுவரைக்கும் ஃபேக்டரி செஞ்ச சோதனையையும் வாங்கினவரே செஞ்சாகணும். இந்த ரெண்டாவது பாதியைத்தான் பல பேர் விட்டுடுறாங்க.

ஒரே ஒரு கணக்கு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. சிப் இழுக்கிற பவர், வேகத்துக்கு நேர் விகிதத்துல ஏறும். வோல்டேஜுக்கு வர்க்க விகிதத்துல ஏறும். வேகத்தை 10 சதவீதம், வோல்டேஜை 10 சதவீதம் ஏத்தினா 1.1-ஐ மூணு தடவை பெருக்கணும். பவர் சுமார் 33 சதவீதம் ஏறிடும். அது அத்தனையும் சூடா மாறி உங்க ரூமுக்குள்ளதான் வரும்.

1998: ஒரு துண்டு டேப்

நவீன ஓவர்க்ளாக்கிங்கை வீட்டுக்கு வீடு கொண்டு போனது கிராஃபிக்ஸ் கார்டு இல்ல, ஒரு பிராசஸர். 1998 ஆகஸ்ட்ல இன்டெல் விட்ட செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், அதை 4.5-ஆல பெருக்கினா 300. பெருக்கல் எண்ணை இன்டெல் பூட்டி வெச்சிருந்தாங்க. அதுக்கு அவங்க சொன்ன காரணம், ரீமார்க்கிங் மோசடி: சிப் மேல இருக்கிற எழுத்தை அழிச்சுட்டு, பெரிய நம்பரை அச்சடிச்சு அதிக விலைக்கு விக்கிற ஆட்கள் இருந்தாங்க.

ஆனா பஸ் வேகம் மதர்போர்டு கையில இருந்துச்சு. 66-ஐ 100 ஆக்கினா 4.5 பெருக்கல் 100, 450 மெகாஹெர்ட்ஸ். அன்னைக்கு இன்டெல்லோட டாப் பென்டியம் 2 அதே 450தான், விலை பல மடங்கு. ஏபிட் பிஹெச்6 மாதிரி போர்டுல பயாஸ் மெனுவுல இருந்தே மாத்தலாம். அந்த வசதி இல்லாதவங்க சிப்போட பி21-ங்கிற ஒரே ஒரு பின் மேல சின்ன டேப் துண்டை ஒட்டினாங்க. போர்டு அது 100 மெகாஹெர்ட்ஸ் சிப்னு நம்பிடும்.

நம்ம ஊர்ப் பின்னணியையும் சேர்த்துப் பாருங்க. இந்தியா 1997-ல உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல சேர்ந்து, கம்ப்யூட்டர் பொருட்களுக்கான இறக்குமதி வரியை 2005-க்குள்ள பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தது. அதுவரைக்கும் பார்ட்ஸ் விலை வீட்டு பட்ஜெட்டை உலுக்குற விலை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்ற வழக்கம் வளர்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். அப்படி வாங்குற ஒருத்தருக்கு சிப் மேல இருக்கிற நம்பர் ஒண்ணுதான் ஆதாரம். அதை அழிச்சு எழுத முடியும்னா, ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிறதைத் தவிர வேற வழி இல்ல.

எப்படிச் சோதிக்கிறது? பெரிய பகா எண்களைத் தேடுற கணிதத் திட்டத்துக்காக 1996-ல எழுதப்பட்ட பிரைம்95 அங்கே கை கொடுத்துச்சு. அதோட டார்ச்சர் டெஸ்ட், விடை ஏற்கெனவே தெரிஞ்ச கணக்கைச் சிப்புகிட்ட மணிக்கணக்கா கொடுக்கும். ஒரு விடை தப்பினாலும் சிப் ஃபெயில். விண்டோஸ் கிராஷ் ஆகாம நிக்குதுங்கிறது இங்கே போதாது. விடை சரியா வரணும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு வந்த கதை

கார்டு பக்கமும் இது சீக்கிரமே ஆரம்பிச்சிடுச்சு. 1996-ல வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ 50 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுச்சு. ஸ்டார்ட்அப் ஃபைல்ல ஒரு வரி சேர்த்தா 57-க்கு ஏத்தலாம். 1998-ல என்விடியா ரிவா டிஎன்டியை முதல்ல 125 மெகாஹெர்ட்ஸ்னு அறிவிச்சு, கடைசியில 90-ல விட்டாங்க. வாங்கினவங்க விசிறி மாட்டி அந்த வித்தியாசத்துல கொஞ்சத்தையாவது மீட்கப் பார்த்தாங்க. அப்புறம் என்விடியா டிரைவர்லயே கூல்பிட்ஸ்னு ஒரு ரகசிய ரெஜிஸ்ட்ரி சாவி இருக்கிறது வெளியே வந்துச்சு. ரஷ்யாவுல அலெக்ஸே நிக்கோலய்சுக் தனியாளா எழுதின ரிவாட்யூனர் வந்துச்சு. இன்னைக்கு நீங்க பயன்படுத்துற எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் அதோட வாரிசு, எழுதினவரும் அதே ஆள்தான்.

ஆனா நான் நிறுத்திச் சொல்ல நினைக்கிறது 2002-ல வந்த ஏடிஐ ரேடியான் 9500. அதுல இருந்தது பெரிய அண்ணன் 9700-ல இருந்த அதே சிப். எட்டு பைப்லைன்ல நாலை மட்டும் மூடி வெச்சிருந்தாங்க. டிரைவரைக் கொஞ்சம் மாத்தினா மூடின நாலும் திறந்துடும். மெமரி அமைப்பும் ஒத்து வர்ற போர்டா இருந்தா பாதி விலைக் கார்டு கிட்டத்தட்ட 9700 ஆயிடும். பல பேருக்கு அப்படியே நடந்துச்சு. சில பேருக்குத் திரை முழுக்க செஸ் போர்டு மாதிரி கட்டம் கட்டமா வந்துச்சு. அவங்க கார்டுல அந்த பைப்லைன் நிஜமாவே பழுது, அதனாலதான் மூடியிருக்காங்க. நல்ல சிப்பை வியாபாரத்துக்காக மூடினதா, பழுதை மறைக்க மூடினதான்னு பெட்டியைப் பார்த்தா தெரியாது. திறந்து பார்த்தாதான் தெரியும்.

இந்தக் கட்டத்தை எங்க ஊர்த் தறியோட வெச்சுப் பார்த்தா சட்டுனு புரியும். ஜக்கார்டு தறியில டிசைனைச் சொல்றது ஓட்டை போட்ட அட்டைகள். கம்ப்யூட்டருக்குப் பின்னாளில் வந்த பஞ்ச் கார்டுக்கு முன்னோடி அதுதான். காஞ்சிபுரத்துல இன்னைக்குப் பல டிசைன் கம்ப்யூட்டர்ல கிராஃப் போட்டுத்தான் அட்டைக்குப் போகுது. ஒரு அட்டையில ஓட்டை தப்பா விழுந்திருந்தா, அந்த அட்டை சுத்தி வரும்போதெல்லாம் அதே இடத்துல அதே பிழை வரும். தறியை மெதுவா ஓட்டினாலும் வரும். ஆனா வேகமா நெய்யும்போது இழை அறுந்தா, அது இன்னைக்கு ஒரு இடம், நாளைக்கு வேற இடம்.

கிராஃபிக்ஸ் கார்டுலயும் இதே பாகுபாடு. ஒரே மாதிரி பேட்டர்ன்ல, க்ளாக்கைக் குறைச்சாலும் போகாம நிக்கிற கோளாறுன்னா பெரும்பாலும் ஹார்டுவேர் பழுது. அங்கங்க மின்னி மறையுற புள்ளி, க்ளாக்கை இறக்கினா, சூடு தணிஞ்சா போயிடுதுன்னா நீங்க மார்ஜினைத் தாண்டிட்டீங்க. முதல் ரகத்துக்கு வாரண்டி தேடணும், ரெண்டாவதுக்கு ஸ்லைடரை இறக்கினா போதும்.

பரீட்சையையே ஏமாத்தினா?

சோதனை முக்கியம்னு ஆனதும் சோதனையைச் சுத்தி அரசியல் வந்துச்சு. ஃபின்லாந்தோட ஃப்யூச்சர்மார்க் 1998-ல இருந்து விட்ட 3டிமார்க்தான் கார்டுகளுக்குப் பொதுப் பரீட்சை. 2003 மே மாசம், என்விடியா டிரைவர் 3டிமார்க்03 ஓடுறதை அடையாளம் கண்டு வேலையைக் குறைச்சுக்குதுன்னு ஃப்யூச்சர்மார்க் வெளியிட்டாங்க. பரீட்சையில கேமரா எந்த வழியா போகும்னு முன்னாடியே தெரியும். அதனால கேமரா கண்ணுல படாததை டிரைவர் வரையவே இல்ல. பேட்ச் போட்டதும் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ரா ஸ்கோர் சுமார் 24 சதவீதம் இறங்குச்சு. அடுத்த மாசமே ரெண்டு கம்பெனியும் சேர்ந்து அறிக்கை விட்டு, "ஏமாத்து"ங்கிற வார்த்தையை விட்டுட்டு "அப்ளிகேஷனுக்கேத்த ஆப்டிமைசேஷன்"னு சொல்லிக்கிட்டாங்க.

அதே காலத்துல ஏடிஐடூல்னு ஒரு சின்ன புரோகிராம் வந்துச்சு. ரோமம் முளைச்ச ஒரு கனசதுரத்தைச் சுழல விட்டு, வரைஞ்ச படத்துல தப்பான பிக்ஸல் இருக்கான்னு அதுவே தேடும். பிரைம்95-ஓட யோசனை இப்போ படத்துக்கு வந்துடுச்சு. 2007-ல ஃபர்மார்க் வந்துச்சு, ரோமம் முளைச்ச டோனட். எந்த கேமும் கொடுக்காத பளுவை அது கார்டு மேல ஏத்தும்.

கம்பெனிகளுக்கு இது பிடிக்கல. இதை 'பவர் வைரஸ்'னு கூப்பிட்டாங்க. ஏஎம்டி டிரைவர் ஃபர்மார்க்கோட ஃபைல் பேரைப் பார்த்து வேகத்தைக் குறைச்சுச்சு. ஜனங்க ஃபைல் பேரை மாத்தி ஓட்டினாங்க. 2010 நவம்பர்ல வந்த ஜிடிஎக்ஸ் 580-ல என்விடியா பவரை அளக்கிற சர்க்யூட்டையே வெச்சு, ஃபர்மார்க் மாதிரி புரோகிராம் ஓடினா பிரேக் போட்டாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. எந்த கேமும் இப்படி ஓடாதுங்கிறது நிஜம். ஆனா மூழ்கவே மூழ்காதுன்னு விக்கிற படகைத் தண்ணியில இறக்காதேன்னு சொன்னா வாங்குறவர் சந்தேகப்படத்தான் செய்வார்.

மெமரி பக்கம் இன்னும் நுட்பமான மாற்றம். ஜிடிடிஆர்5 மெமரியில டேட்டா போகும்போது பிழை வந்தா கண்டுபிடிச்சு மறுபடி அனுப்புற வசதி இருக்கு. அதனால மெமரியை அளவுக்கு மேல ஏத்தினாலும் திரையில உடனே கோளாறு தெரியாது. கார்டு திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருக்கும், ஃபிரேம் ரேட் சத்தமில்லாம குறையும். க்ளாக் நம்பர் ஏறுது, கேம் மெதுவாகுது! கண்ணால பார்த்து 'ஓகே'ன்னு சொல்ற காலம் அங்கேயே முடிஞ்சிடுச்சு.

2012: பூஸ்ட்டும் பவர் கட்டும்

2012 மார்ச்ல ஜிடிஎக்ஸ் 680 வந்துச்சு, கூடவே ஜிபியு பூஸ்ட். பெட்டியில 1006 மெகாஹெர்ட்ஸ் பேஸ், 1058 பூஸ்ட்னு போட்டிருக்கும். கார்டு தன் சூட்டையும் பவரையும் தானே அளந்து, இடம் இருந்தா அதுக்கு மேலயும் ஏறும், இல்லைன்னா இறங்கும். அதாவது நாம எடுத்துக்கிட்டிருந்த மார்ஜினை இனி கார்டே எடுத்துக்கும்.

அதே 2012 நம்ம பக்கம் எதுக்கு ஞாபகம் இருக்கு? பவர் கட்டுக்கு. சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாம கிடந்த ஊர்கள் உண்டு. தெருவுக்குத் தெரு இன்வெர்ட்டர் வந்தது அந்தக் காலத்துலதான். மலிவான இன்வெர்ட்டர் கொடுக்கிற கரண்ட் சுத்தமான சைன் அலை கிடையாது. ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கிற நல்ல பவர் சப்ளைகள் சிலது அதுக்கு ஒத்துப் போகாம, மாறுற நொடியில சிஸ்டத்தை அணைச்சிடும். பார்க்கிறவருக்கு அது அப்படியே ஓவர்க்ளாக் கிராஷ் மாதிரி தெரியும். குற்றவாளி கார்டா, கரண்டான்னு பிரிச்சுப் பார்க்காம இந்தப் பக்கம் எந்த ஸ்டேபிலிட்டி டெஸ்டும் அர்த்தமில்ல.

சூடும் அதே மாதிரிதான். கூலர் செய்யுறது ரூம் காத்துக்கு மேல இத்தனை டிகிரின்னு கார்டை நிறுத்தி வைக்கிறது. 24 டிகிரி ரூம்ல 70-ல நிக்கிற கார்டு, 38 டிகிரி ரூம்ல கிட்டத்தட்ட 84-க்கு வந்துடும். ஜிடிஎக்ஸ் 1080-க்கு என்விடியா வெச்ச டெம்பரேச்சர் இலக்கே 83தான். ரிவ்யூல பார்த்த பூஸ்ட் வேகம் ஏன் மே மாசம் உங்க வீட்டுல வர்றதில்லைன்னா காரணம் இதுதான். கார்டு மேல தப்பு இல்ல, அது தன்னைக் காப்பாத்திக்குது. ஆனா நீங்க டிசம்பர்ல சோதிச்சு ஸ்டேபிள்னு முடிவு பண்ணின ஓவர்க்ளாக், மே மாசத்துல வேற ஒரு பரீட்சையை எழுதுது.

கம்பெனியே விளிம்புக்கு வந்தப்போ

கடைசி அத்தியாயம்தான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. பூஸ்ட் வந்த பிறகு போட்டி காரணமா கம்பெனிகளே மார்ஜினைக் கடைசி வரை பிழிய ஆரம்பிச்சாங்க.

2020 செப்டம்பர்ல ஆர்டிஎக்ஸ் 3080 வந்த சில நாள்லயே, பூஸ்ட் 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது கேம் மூடிக்குதுன்னு புகார். வாங்கினவங்க ஒண்ணுமே மாத்தல. என்விடியா புது டிரைவர் விட்டுச் சரி பண்ணாங்க.

2021 ஜூலையில அமேசானோட நியூ வேர்ல்டு கேம் பீட்டா. மெனு திரையில ஃபிரேம் ரேட்டுக்குக் கட்டுப்பாடே இல்லாம பாய, சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்துப் போச்சு. ஈவிஜிஏ தங்கள் கார்டுகளை ஆராய்ஞ்சு, மாஸ்ஃபெட் பகுதியில சால்டரிங் சரியில்லைன்னு சொன்னாங்க. எத்தனையோ டெஸ்ட் தாண்டி வந்த கார்டை ஒரு மெனு கொன்னுடுச்சு. கேம் நடுவுல ஓடுற பளுவைத்தான் எல்லாரும் சோதிப்பாங்க. மெனுவை யாரு சோதிப்பா?

அப்புறம் இன்டெல். 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள்ல கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதல'ன்னு எரர் வந்து மூடிக்கும். இயல்பா எல்லாரும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் திட்டினாங்க. உண்மையில பிராசஸர்தான் ஷேடரைப் பிரிக்கிற கணக்குல தப்பு பண்ணிச்சு. 2024-ல, அளவுக்கு மேல வோல்டேஜ் போய் சிப் தேயுதுன்னு இன்டெல் ஒத்துக்கிட்டு, மைக்ரோகோடை மாத்தி, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க. எந்தக் கம்பெனி 1998-ல பெருக்கல் எண்ணைப் பூட்டி வெச்சதோ, அதே கம்பெனி.

அப்போ நாம என்ன பண்றது?

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வரேன். பண்ணலாம். ஆனா 'ஸ்டேபிள்'ங்கிறதை ஒரு பட்டமா நினைக்காதீங்க. எந்த ரூம்ல, எந்தக் கரண்ட்ல, எந்த கேம்ல, எத்தனை மணி நேரம்ங்கிற நாலும் சேர்ந்ததுதான் ஸ்டேபிள். எங்க ஊர்ல ஜரிகையை வாங்கும்போது சொல்ற வார்த்தையை மட்டும் நம்பாம, வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவுன்னு மெஷின்ல வெச்சுப் பார்க்கிறாங்க. அந்தப் பழக்கம் கார்டுக்கும் வேணும்.

முதல்ல எதையும் மாத்தாம, பெட்டியிலிருந்து வந்த செட்டிங்லயே சோதிங்க. அதுவே ஃபெயில் ஆனா மேல போகாதீங்க, வாரண்டி பக்கம் போங்க. 2022 செப்டம்பர் 15-ல எத்தீரியம் மைனிங் நின்ன பிறகு செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கினவங்களுக்கு இது கட்டாயம். அடுத்து, கேஸை மூடி, வெயில் நாள்ல மத்தியானம் ஓட்டுங்க. ஃபர்மார்க் மாதிரி ஒரு டெஸ்ட், 3டிமார்க் மாதிரி ஒண்ணு, நீங்க நிஜமா ஆடுற கேம் ரெண்டு மணி நேரம். மெனுவுக்கும் கேமுக்கும் மாறி மாறிப் போங்க. மெமரியை ஏத்தும்போது கண்ணை நம்பாம ஸ்கோரைப் பாருங்க. ஏறிக்கிட்டே வந்த ஸ்கோர் இறங்க ஆரம்பிச்சா அதுக்கு முந்தின படிதான் உங்க இடம். கிராஷ் ஆனா உடனே கார்டைக் குத்தம் சொல்லாம பவர் சப்ளை, ரேம், பிராசஸர்னு ஒவ்வொண்ணா தள்ளிப் பாருங்க.

என்னைக் கேட்டா, நம்ம வெயிலுக்கு ஓவர்க்ளாக்கை விட அண்டர்வோல்ட் நல்லது: அதே வேகம், குறைஞ்ச வோல்டேஜ். அந்த வர்க்கக் கணக்கு இப்போ நமக்குச் சாதகமா வேலை செய்யும், ரூமும் கொஞ்சம் குளிரும். அதுவும் மார்ஜினைத் தொடுறதுதான். அதனால அதே சோதனை அதுக்கும் உண்டு.

உங்க ரிசல்டை அனுப்பும்போது கார்டு மாடல், க்ளாக், வோல்டேஜோட ரூம் டெம்பரேச்சரையும், எந்த மாசம்னும் மறக்காம எழுதுங்க. அது இல்லாத நம்பரை நம்ம ஊர்ல இருக்கிற இன்னொருத்தர் பயன்படுத்த முடியாது. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.